கரி பூசிக்கிறதுக்கு முன்னால, மாப்ளே

ஊருணிக்குள்ள 2 டன் கரியைக் கொட்டப் போறியாமே மாப்ளே? டீக்கடையில பேசிக்கிட்டாங்க. பேனர் அடிக்கக் குடுத்தாச்சாம். அதுல உன் படம் பெருசா, ஊருணி படம் சிறுசா இருக்குன்னும் சொன்னாங்க. நல்லதுதான். தண்ணி தெளியுதோ இல்லையோ, மூஞ்சி தெளிவாத் தெரியணும்ல.

கோவிச்சுக்காத. காது குத்துறப்ப உன்னை மடியில வச்சிருந்தவன் நான். அன்னைக்கு ஊசி போன காதுல இன்னைக்கு ரெண்டு வார்த்தை போனா ஒண்ணும் குறைஞ்சுறாது. பட்டணத்துல படிச்சு, பயோசார்னு ஒண்ணைக் கத்துக்கிட்டு வந்திருக்க. முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் மூட்டம் போட்டே குடும்பம் நடத்துற சனத்துகிட்ட வந்து, "மாமா, காத்துப் படாம மரத்தை வேக வச்சா கரி கிடைக்கும்"னு வகுப்பு எடுத்த பாரு, அந்தத் துணிச்சலுக்கே உனக்கு ஒரு சால்வை போடலாம். சீமைக்கருவேலை விறகை அடுக்கி, தழையும் வைக்கோலும் போர்த்தி, மண்ணைப் பூசி, தீயை உள்ள விட்டு நாள்கணக்குல காவல் கிடக்குறவன், நீ சொன்னதைக் கேட்டு "அப்படியா தம்பி"ன்னு தலையாட்டுனானே, அது மரியாதை. நீ அதை ஆச்சரியம்னு எடுத்துக்கிட்ட.

ஆனா உன் படிப்புல பொய் இல்ல. கரி தண்ணியில இருந்து சத்தைப் பிடிக்கும். பிடிக்காட்டி இத்தனை தேசத்துல ஏன் மண்டையை உடைச்சுக்கிட்டுக் கிடக்குறாங்க? எந்தச் சத்தை, எந்தக் கரி, எந்த இடத்துல பிடிக்கும்ங்கிறதுலதான் உன் திட்டம் வழுக்குது.

மொதல்ல ஊருணி ஏன் பச்சை பிடிச்சுதுன்னு பேசுவோம். அந்தக் காலத்துல குடிதண்ணி ஊருணியோட வரத்துக்கால்ல காலை நனைக்கவே விடமாட்டாங்க. காவல் வச்சிருந்தாங்க. குழாயில காவிரித் தண்ணி வந்துச்சு, காவல்காரன் வீட்டுக்குப் போயிட்டான். இப்ப வரத்துக்கால் ரெண்டு தெருவோட சாக்கடையையும், நாலு வயல்காட்டு வடிகாலையும் சேர்த்துக் கூட்டிட்டு வருது. தழைச்சத்தும் மணிச்சத்தும், உன் பாஷையில நைட்ரஜனும் பாஸ்பரஸும், தண்ணியில கூடிப்போச்சு. பாசிக்குக் கேக்கவா வேணும்? பகல்ல வெயில்ல பிராணவாயுவை விடுற அதே பாசி, ராத்திரி தண்ணியில உள்ளதை இழுத்துக்கும். அதனாலதான் மீன் செத்து மிதக்குறது பெரும்பாலும் விடியக்காலையில. நம்ம பூசாரி அதை அமாவாசைக் கணக்குல எழுதிட்டாரு. நீயாவது அதை மாத்துவன்னு பார்த்தேன், நீ பேனர் கணக்குல எழுதிட்ட.

எந்தச் சத்து பெரிய குத்தவாளின்னு கனடாக்காரர் ஒருத்தர் அழகா காட்டிட்டாரு. டேவிட் ஷிண்ட்லர்னு பேரு. 1973-ல ஒரு சின்ன ஏரி, அதுக்குப் பேருகூடக் கிடையாது, 226-ன்னு நம்பர்தான். இடுப்பு ஒடுங்கின ஏரி. இடுப்புல ஒரு திரையைக் கட்டி ரெண்டாப் பிரிச்சாரு. ஒரு பக்கம் சர்க்கரையும் தழைச்சத்தும் போட்டாரு. மறுபக்கம் சர்க்கரை, தழைச்சத்தோட மணிச்சத்தும் சேர்த்துப் போட்டாரு. மேல இருந்து படம் எடுத்தா, மணிச்சத்து விழுந்த பக்கம் மட்டும் பச்சைக் குழம்பு. மத்தப் பக்கம் தெளிஞ்சு கிடக்கு. ஏரிக்கு வேட்டி கட்டுற மாதிரி திரை கட்டுனதுக்கு அந்த ஊரு டீக்கடையிலயும் சிரிச்சிருப்பாங்க. ஆனா அந்த ஒரு படத்தைக் காட்டித்தான் சலவைத்தூள்ல பாஸ்பேட்டைக் குறைக்கணும்னு வாதாடுனாங்க.

இது பாசிதானே, கையால அள்ளிப் போட்டுட்டாப் போச்சுன்னு நினைக்காத. 2014 ஆகஸ்டுல அமெரிக்காவுல டொலிடோன்னு ஒரு பட்டணம். ஈரி ஏரிக்கரையில இருக்கு. சோளமும் சோயாவும் விளையுற காட்டுல இருந்து வந்த சத்தைத் தின்னு நீலப்பச்சைப்பாசி பொங்கி, அதோட விஷம் குடிதண்ணிக்குள்ள போயிருச்சு. சுமார் 4 லட்சம் பேரைக் குழாய்த் தண்ணியைக் குடிக்காதன்னு சொல்லிட்டாங்க. கொதிக்க வச்சாலும் அந்த விஷம் போகாது மாப்ளே, தண்ணி வத்த வத்த இன்னும் கெட்டியாகும். அப்பேர்ப்பட்ட அமெரிக்காக்காரன் பாட்டில் தண்ணிக்கு வரிசையில நின்னான். நம்ம அக்கா குடத்தோட நிக்கிறது ஒண்ணும் புதுசில்ல.

இப்ப உன் கரிக்கு வருவோம். கரியோட மேல்புறத்துல பெரும்பாலும் எதிர்மின்னேத்தம்னு நீதான் சொன்ன. பாஸ்பேட்டுக்கும் எதிர்மின்னேத்தம். நைட்ரேட்டுக்கும் அதேதான். பாகம் பிரிச்ச பங்காளிங்க ரெண்டு பேரு ஒரே வரப்புல எதிரும்புதிருமா வந்தா எப்படி இருக்கும்? ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போவாங்க. நம்ம மூட்டத்துக் கரியும் பாஸ்பேட்டும் அந்தக் கதைதான். நடுவுல ரெண்டு பக்கமும் பேசுற ஒரு பெரிய மனுசன் வேணும். அதுதான் மக்னீசியம். இல்லாட்டி கால்சியம், இரும்பு. கரியோட உடம்புல மக்னீசியம் ஆக்சைடு பொடிப்பொடியா ஒட்டியிருந்தா, அது பாஸ்பேட்டைக் கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வைக்கும். அமோனியம் மட்டும் நேர்மின்னேத்தம், அதுக்குப் பெரிய மனுசன் தேவையில்ல, வெறுங்கரியிலயே கொஞ்சம் ஒட்டும். அதுவும் கிராமுக்குச் சில மில்லிகிராம்தான். நம்ம பக்கத்துத் தண்ணி உப்பு. சோடியமும் கால்சியமும் முந்திக்கிட்டு இடத்தைப் பிடிச்சிருந்தா அமோனியம் வெளியிலதான் நிக்கணும். பட்டணத்துப் புஸ்தகத்துல அளந்த தண்ணி வேற, இராமநாதபுரத்துத் தண்ணி வேற. அதை உன் வாத்தியாருக்கும் சொல்லு.

இன்னொரு கூத்தையும் சொல்றேன். புதுக் கரியைக் கழுவாம அப்படியே தண்ணியில போட்டா, அதுல இருக்குற சாம்பலே மணிச்சத்தையும் சாம்பல்சத்தையும் கரைச்சு விட்டுரும். களவு பிடிக்கப் போன ஏட்டய்யா மடியில இருந்து நகை விழுந்த கதையாப் போயிரும். திறப்பு விழாவுக்கு வந்த அதிகாரி, மறுநாள் சோதனை போட்டுப் பார்த்து, "நேத்தை விடக் கூடியிருக்கே தம்பி"ன்னா என்ன செய்வ? போட்டோவை வாபஸ் வாங்க முடியாது.

மக்னீசியத்துக்கு எங்க போறதுன்னு முழிக்காத. வாலிநோக்கத்துல அரசாங்கத்து உப்பளம் இருக்கு. உப்பு விளைஞ்சு வாரி எடுத்தபிறகு பாத்தியில மிஞ்சுற கசப்புத் தண்ணி இருக்கு பாரு, அதுல மக்னீசியம் குளோரைடு நிறைஞ்சு கிடக்கும். கருவேலந் தூளை அதுல ஊற வச்சு, காய வச்சு, காத்துப் படாம 500, 600 டிகிரி சூட்டுல வேக வச்சா மக்னீசியம் ஏறுன கரி கிடைக்கும்னு ஆராய்ச்சிக்காரங்க செஞ்சு பார்த்திருக்காங்க. ஆனா அதை உங்கம்மா அடுப்படிக்குப் பின்னால செஞ்சுறாத. சூடேறுறப்ப ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி கிளம்பும். மூக்கையும் நெஞ்சையும் அரிச்சுரும். அதுக்குன்னு உலையும், ஆவியைப் பிடிச்சுக் கழுவுற வசதியும் உள்ள இடத்துல, விவரம் தெரிஞ்சவங்களோட செய்யி. நம்ம மூட்டத்துல செய்யவே செய்யாத. மூட்டக்காரன் ஏற்கெனவே புகையில வெந்துக்கிட்டு இருக்கான், அவனுக்கு நீ அமிலத்தையும் சேர்த்துக் குடுக்க வேணாம்.

சரி, மக்னீசியக் கரியே கிடைச்சிருச்சுன்னு வையி. இப்பக் கணக்குப் போடுவோம். நம்ம ஊருணி கிட்டத்தட்ட 1 ஹெக்டேர். சராசரி 2 மீட்டர் தண்ணி. அப்ப 20,000 கன மீட்டர், அதாவது 2 கோடி லிட்டர். லிட்டருக்கு அரை மில்லிகிராம் பாஸ்பரஸ் கரைஞ்சு கிடக்குன்னு வச்சா, ஊருணி முழுக்க இருக்கிறது 10 கிலோ பாஸ்பரஸ். இந்தப் பத்து கிலோ, பாசியாப் போனா சுமார் 1 டன் காய்ஞ்ச பாசிக்குப் போதும். பரிசோதனைக்கூடத்துல கிராம் கரி 100 மில்லிகிராமுக்கு மேல பாஸ்பேட் பிடிச்சிருக்குன்னு நீ காட்டுவ. குடுவையில பாஸ்பேட்டைக் கெட்டியாக் கரைச்சு வச்சு அளந்தது அது. ஊருணியில சத்து நீர்த்துக் கிடக்கும், கரியோட பிடியும் தளரும். நான் தாராளமாவே கிராமுக்கு 5 மில்லிகிராம் பாஸ்பரஸ்னு போடுறேன். பத்து கிலோவை எடுக்க 2 டன் கரி வேணும். நீயும் 2 டன்தான் எழுதியிருக்க, அதுவரைக்கும் உன் கணக்கு சரி. கிலோ கரிக்கு 4, 5 கிலோ விறகு. அப்ப 8, 10 டன் மரம்.

இப்ப டிஏபி மூட்டையைத் திருப்பி, பின்னால அச்சடிச்சிருக்கிறதைப் படி. மணிச்சத்து 46 சதம்னு போட்டிருக்கும். அது ஆக்சைடு கணக்கு. வெறும் பாஸ்பரஸாப் பார்த்தா 20 சதம். 50 கிலோ மூட்டையில 10 கிலோ. புரியுதா மாப்ளே? பத்து டன் மரத்தை வெட்டி, ரெண்டு டன் கரி சுட்டு, உப்பளத்துல இருந்து கசப்புத் தண்ணி ஏத்தி, அதிகாரியைக் கூப்பிட்டு, கேசரி கிண்டி நீ எடுக்கப்போறது ஒரே ஒரு மூட்டை டிஏபி. போன கார்த்திகையில உங்க அப்பாரு மட்டும் எத்தனை மூட்டை இறக்குனாருன்னு வீட்டுல கேட்டுப் பாரு. என் வாயால நான் சொல்லமாட்டேன். மச்சான் உறவு கெட்டா அக்கா எனக்குக் கருவாட்டுக் குழம்பு ஊத்தாது.

நியாயத்தையும் சொல்லிருறேன். போட்ட மணிச்சத்து எல்லாம் தண்ணிக்கு ஓடியாறது இல்ல. பெரும்பகுதி மண்ணுல ஒட்டிக்கும். மழை அரிக்கிறப்ப மண்ணோட மண்ணா வரும். யூரியா அப்படியில்ல, கரைஞ்சே வரும், காத்துலயும் பறக்கும். நெல்லுக்குப் போடுற யூரியாவுல மூணுல ஒரு பங்கு, கொஞ்சம் கூடத்தான் பயிருக்குப் போகுது. அதான் 2015-ல எல்லா யூரியாவுக்கும் வேப்பெண்ணெய் பூசச் சொன்னாங்க, 2018-ல 50 கிலோ மூட்டையை 45 கிலோவாக் குறைச்சாங்க. சம்சாரி மூட்டைக் கணக்குலதான் போடுறான், கிலோ கணக்குல இல்லைன்னு தில்லியில யாரோ விவரமானவன் கண்டுபிடிச்சிருக்கான். நம்ம ஆளு அதுக்கும் மேல. மூட்டை இளைச்சுப் போச்சேன்னு இன்னொண்ணு சேர்த்து வாங்கிட்டான்.

நைட்ரேட்டைப் பத்தி நீ பேனர்ல என்ன எழுதியிருக்கன்னு தெரியல. எழுதியிருந்தா அழிச்சிரு. குடிதண்ணியில லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைக்கும்தான் நைட்ரேட் இருக்கலாம்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. கூடினா கைப்பிள்ளைகளுக்கு ரத்தத்துல பிராணவாயு ஏறாம உடம்பு நீலம் பாரிச்சுப் போகும். அதை வெறுங்கரி பிடிக்காது. அதுக்கு வேற வழி இருக்கு. அயோவா பக்கத்துல சோளக்காட்டு வடிகால் தண்ணியை மரச்சில்லு நிரப்புன குழிக்குள்ள விடுறாங்க. காத்தில்லாத அந்தக் குழியில இருக்குற நுண்ணுயிரி, மரத்தைத் தின்னுக்கிட்டே நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவா ஆக்கி மேல விட்டுரும். நம்மகிட்ட மரச்சில்லுக்கா பஞ்சம்? 2017-ல மதுரை உயர் நீதிமன்றக் கிளை சீமைக்கருவேலையைப் பிடுங்கச் சொல்லி உத்தரவு போட்டப்போ ஊரே மம்பட்டியோட கிளம்புச்சு. ஒரு மழை பெஞ்சுச்சு, மரமும் கிளம்பிருச்சு. அதுல கொஞ்சத்தை வெட்டிச் சில்லாக்கி வடிகால் குழிக்குப் போடு. வேணும்னா கரியையும் அதுல கலந்து விடு, நுண்ணுயிரி குடியிருக்க இடமாவது ஆகும்.

உன் திட்டத்துல பெரிய ஓட்டை எங்க இருக்கு தெரியுமா? கொட்டுறதுன்னு எழுதியிருக்க, அள்ளுறதுன்னு எங்கயுமே எழுதல. தூளாக் கொட்டுன கரி ஒரு பாதி மிதந்து படித்துறையில ஒதுங்கும், மறுபாதி அடியில போய்ச் சேத்தோட படுத்துக்கும். பிடிச்ச சத்தை வெளிய எடுத்தாத்தானே ஊருணிக்கு லாபம்? அடியில கிடந்தா கோடையில அதுவும் சேறுதான். ஏற்கெனவே நம்ம ஊருணிச் சேத்துல பல வருசத்துச் சத்து இரும்போட கட்டிக்கிட்டுக் கிடக்கு. அடித்தண்ணியில பிராணவாயு குறைஞ்சா இரும்பு பிடியை விடும், பாஸ்பரஸ் மறுபடியும் மேல வரும். நீ வருசா வருசம் கரி கொட்டிக்கிட்டே இருக்கலாம், பேனர்காரன் உன் பேரைச் சொல்லி வீடு கட்டிருவான்.

ஆகாயத்தாமரை எடுத்த கதையை நீயே பார்த்த. இயந்திரம் வந்து அள்ளுச்சு, கரையிலயே குவிச்சுட்டுப் போயிருச்சு. அது அழுகி, அடுத்த மழையில அத்தனை சத்தும் திரும்ப உள்ள. வாடகை யாரு வீட்டுப் பணம்?

நான் சொல்றபடி செய்யி. ஊருணிக்கு உள்ள எதையும் போடாத, வரத்துக்கால்ல போடு. அங்கதான் தண்ணி ஒடுங்கி வரும், சத்தும் கெட்டியா இருக்கும். மொதல்ல ஒரு குழி, மண்ணும் குப்பையும் படியிறதுக்கு. அதைத் தாண்டி மிளகு, கடலைப்பருப்பு அளவு கரியை நல்லா கழுவி, வலைச் சாக்குல கட்டி, ரெண்டு மூணு வரிசையா அடுக்கு. ரொம்பப் பொடியா இருந்தா பிடிப்பு கூடும், ஆனா அடைச்சுக்கிட்டுத் தண்ணி கரை ஏறிப் போயிரும். உள்ள வர்ற தண்ணியிலயும், வெளிய போற தண்ணியிலயும் பாஸ்பேட்டைச் சோதிச்சுக்கிட்டே இரு. சோதனை மருந்து விட்டா தண்ணியில நீலம் எவ்வளவு அடர்த்தியா ஏறுதோ, அவ்வளவு பாஸ்பேட். ரெண்டு பக்கமும் ஒரே நீலமா வந்தா கரி நிறைஞ்சு போச்சுன்னு அர்த்தம். சாக்கை அவுத்துக் காட்டுல போடு. அதுல ஒட்டுன சத்து மெல்ல மெல்லப் பயிருக்கு இறங்கும். சாக்கடையில பட்டறைக் கழிவு கிழிவு கலக்குதான்னு மட்டும் முன்கூட்டியே பார்த்துக்க. அப்புறம் டயர், பெயிண்டு அடிச்ச பலகை இதுல எல்லாம் சுட்ட கரியைக் கிட்டவே சேக்காத. ஓசியில தர்றேன்னு ஒருத்தன் வருவான்.

கோடையில வத்துனதும் ஊருணிச் சேத்தை வெட்டி வண்டல்னு வயலுக்கு அடிக்கணும். உங்க தாத்தா அதை வருசம் தவறாம செஞ்சாரு. பயோசார்னு ஒரு வார்த்தை அவருக்குத் தெரியாது, ஆனா ஊருணியில இருந்த சத்தை எடுத்து வயல்ல போட்டாரு. வயலுக்குக் காசும் மிச்சம், ஊருணிக்கு ஆழமும் கூடுச்சு. உன் கரிச் சாக்கு செய்யப்போற வேலையும் அதேதான், அளவுதான் சின்னது.

தேத்தாங்கொட்டை உரசிப் போட்டா போதாதான்னு உங்க அத்தை கேட்டா, கலங்கல் தெளியும் அத்தை, கரைஞ்ச உப்பு போகாதுன்னு பதமா எடுத்துச் சொல்லு. உன்னை எதிர்த்துப் பேசுறதுல அவளுக்கு ஒரு சந்தோசம், அதைக் கெடுக்காத.

அப்புறம் உங்க அப்பாருகிட்ட மண்வள அட்டையைக் காட்டு. பெட்டிக்குள்ள ரேசன் அட்டைக்கு அடியில கிடக்கும், எடுத்ததுல இருந்து யாரும் பிரிச்சுப் பார்த்திருக்கமாட்டாங்க. மணிச்சத்து கூடுதல்னு அதுல இருந்தா, இந்த வருசம் அடியுரத்துல டிஏபியைக் குறைக்கச் சொல்லு. நெல்லுக்கு இலைவண்ண அட்டையை வச்சுப் பார்த்து, பச்சை வெளுத்தா மட்டும் யூரியா போடச் சொல்லு. நீ சொன்னாக் கேக்கமாட்டாரு. "மாமாதான் வேணாம்னாரு"ன்னு சொல்லிரு, என் மேல இருக்குற கோவத்துல ரெண்டு மூட்டை கூடப் போட்டாலும் போடுவாரு, அதையும் யோசிச்சுக்க. அக்காவை விட்டுச் சொல்லச் சொல்றதுதான் உத்தமம். ஒரு மூட்டையில இருக்குற சத்தே உன் 2 டன் கரி பிடிக்கிறதுக்குச் சமம், அதைக் குறைக்க அதிகாரியும் வேணாம், கேசரியும் வேணாம்.

சாக்கு கட்டுற வேலைக்கு நானும் வர்றேன், நம்ம மூட்டக்காரனையும் கூட்டிட்டு வர்றேன். கரியைச் சல்லடையில சலிச்சுத் தரம் பிரிக்க அவனை விட்டா இந்த ஊர்ல ஆள் இல்ல, கூலியைக் குறைச்சுப் பேசாத. எல்லாத்தையும் புரட்டாசிக்குள்ள முடிச்சாகணும் மாப்ளே. ஐப்பசியில முதல் பெருமழைத் தண்ணிதான் தெருவையும் வயலையும் கழுவி அதிகச் சத்தை அள்ளிட்டு வரும். அது ஊருணிக்குள்ள போனபிறகு சாக்கு கட்டிப் பிரயோசனம் இல்ல.